காவலுக்கு ஆள் போட்ட ஆகாயத்தாமரை

எனக்கு எழுபத்தாறு வயசு. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கேன். அஞ்சு நான் பெத்தது. ரெண்டு என் நாத்தனார் பெத்து, கண்ணை மூடும்போது என் மடியில போட்டுட்டுப் போனது. ஒண்ணுக்குக் காய்ச்சல், ஒண்ணுக்குப் பசின்னு எந்த ஆபீஸ் வாசல்லயும் போய் நின்னு நான் மனு குடுத்ததில்லை. இதை முதல்லயே சொல்லி வச்சிர்றேன். ஏன்னா இந்த வீட்டுல இப்ப எனக்குப் பேரு "காரியத்தைக் கெடுத்தவ". யார் கெடுத்ததுன்னு நான் எழுதுறேன். படிக்கிறவங்க சொல்லட்டும்.

நான் படிச்சது மூணாங்கிளாஸ். கோழி கிண்டுன குப்பை மாதிரித்தான் என் எழுத்து இருக்கும். பேரன் வேண்டாம்னு போட்ட நோட்டுல மிச்சம் கெடந்த தாள்ல எழுதுறேன். அவன் எட்டிப் பாத்துட்டு, "அப்பத்தா, நீங்க வாயால சொல்லுங்க, நான் டைப் அடிச்சுத் தாரேன்"னான்.

"வேணாம்டா. நீ அடிச்சா அது மனுவாயிரும். ‘ஐயா வணக்கம், பணிவுடன் தெரிவிப்பது யாதெனில்’னு ஆரம்பிச்சிருவ" அப்படின்னேன்.

அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. சுருங்கட்டும். காலேஜ் முடிச்சிட்டு அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கான். எழுதிக்கிட்டேதான் இருக்கான்.

எங்களுக்குச் சோழவந்தான் பக்கம். வெத்தலை வெளையிற மண்ணு. மூத்தவன் திருநகர்ல வீடு கட்டிப் போயிட்டான். மக ஒத்தக்கடையில. கடைசிப் பய திருப்பூர்ல பனியன் கம்பெனி. நாத்தனார் பிள்ளைக ரெண்டும் நல்லா இருக்குதுக. நாலாவதாப் பொறந்தது போய்ச் சேந்துருச்சு. என்னோட கெடக்குறது மூணாவது மகன் ஒருத்தன்தான். அவன் பொண்டாட்டி, மேல சொன்ன பேரன், நான். நாலு பேருக்கும் சோறு போடுறது ஒரு கொடிக்கால்.

கொடிக்கால்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன். அகத்தியை வரிசையா நட்டு வளத்து, அதுமேல வெத்தலைக் கொடியை ஏத்தி, நாரால கட்டிக்கிட்டே போறது. உச்சி வெயில்ல உள்ள நுழைஞ்சாலும் குளுந்து கெடக்கும். செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போவோம். எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் அதான் முறை. வெத்தலைக்குத் தண்ணி புருசன் மாதிரி. தெனமும் வரணும், வந்துட்டுப் போயிரணும். போகாம வேரைச் சுத்தியே நின்னுச்சுன்னா கொடி அழுகிரும்.

அதனால தண்ணி வர்ற வாய்க்கால் எங்களுக்குப் பெருசில்லை. தண்ணி போற வடிகால்தான் பெருசு. எங்க தெருக்காரங்க கொடிக்கால் பூராவும் ஒண்ணை ஒண்ணு ஒட்டி ஒரே பள்ளத்துல இருக்கு. எல்லார் தண்ணியும் ஒரே வடிகால்ல எறங்கி, ரோட்டுப் பாலத்துக்கு அடியில பூந்து, ஆத்துக்குப் போகும். பாலத்துக்குப் பக்கத்துல, எல்லாத்துக்கும் தாழ்வா கெடக்குறது என் கொடிக்கால். தண்ணி ஏறுச்சுன்னா முதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

அந்த வடிகாலைப் புரட்டாசியில, பெரிய மழைக்கு முந்தி, நாங்களே தூர் வாருவோம். வீட்டுக்கு ஒரு மம்பட்டி. சத்தியவான்க காலம்னு நெனைச்சிராதீங்க. அம்புட்டுப் பேரும் களவாணிக. ஒருத்தன் ஆள் அனுப்பணுமேன்னு நடக்கமாட்டாத மாமனாரை அனுப்புவான். இன்னொருத்தனுக்கு வருசா வருசம் உச்சிப் பொழுதானா வயித்து வலி வரும். என் பங்கு அங்கிட்டு, உன் பங்கு இங்கிட்டுன்னு மம்பட்டிக் காம்பால அடிச்சுக்கிட்டதும் உண்டு. ஆனா வேலை நடந்துச்சு. ஏன் நடந்துச்சுன்னா, சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கரையில பந்தி போடுவோம். சோறு, பருப்பு, கத்திரிக்காய்க் கூட்டு. வராத வீட்டுக்கும் பந்தியில இலை போடுவாங்க. அந்த இலையில ஒண்ணும் வைக்க மாட்டாங்க. வெறும் இலை கெடக்கும், எல்லாரும் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடுவாங்க. மறுநாள் அந்த வீட்டுப் பொம்பளை குழாயடிக்கு வந்து பாக்கணும். ஒரு வருசம் வெறும் இலை வாங்குனவன் மறுவருசம் மொதல் ஆளா வந்து நிப்பான்.

என் வீட்டுக்காரர் போன பெறகு மக்க சின்னதுக. நானே மம்பட்டியத் தூக்கிட்டுப் போனேன். பொம்பளையாச்சேன்னு யாரும் விட்டுக்குடுக்கல. நானும் கேக்கல. எனக்கு வெறும் இலை விழுந்ததே இல்லை.

பெறகு ஒரு வருசம், ஓட்டு வர்ற நேரம், ஜேசிபி வந்துச்சு. நாங்க ஒரு நாள் பூராவும் முதுகு ஒடியச் செய்யிற வேலையை உச்சிக்குள்ள முடிச்சிருச்சு. தெருவே வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. என் வீட்டுக்காரர் தம்பி, எனக்குக் கொழுந்தன், அந்த மிசினுக்கு மாலை போட்டாரு. போட்டுட்டு என்னப் பாத்து, "மதினி, இனிமே மம்பட்டிய எடைக்குப் போட்டுரலாம்"னாரு.

"கல்யாணம் பண்ணி வச்சவன் பிள்ளையும் பெத்துத் தருவானா, கொழுந்தனாரே?"ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. அவரும்தான் சிரிச்சாரு. மறு புரட்டாசியில நான் மம்பட்டியோட போய் நிக்கிறேன், வடிகால் கரையில ஒரு ஈ காக்கா இல்லை. வீடு வீடாப் போய்க் கேட்டேன். "அதான் அரசாங்கம் வெட்டுதுல்ல, மதினி." "ஏத்தா, உனக்கு வேற வேலை இல்லையா?" ஒருத்தன் படுத்துக்கிட்டே சொன்னான், "நம்ம வெட்டுனா அவன் வெட்டமாட்டான்." அந்தப் பேச்சை நான் அன்னைக்கே கவனிச்சிருக்கணும். வியாதி அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

மிசின் வரல. அந்த வருசமும் வரல, அடுத்த வருசமும் வரல. ஓட்டும் வரல, மிசினும் வரல. வந்தது ஆகாயத்தாமரைதான். ஊதாப் பூவோட பாக்க அழகா இருக்கும், மூதேவி. பாலத்துக்கு அடியில வந்து அடைச்சுக்கிச்சு. அதுமேல பாலித்தீன் பை, தலையணை, பிள்ளைகளுக்குக் கட்டி வீசுற பேம்பர்ஸ், கை உடைஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி. ஆடு நடந்து போற அளவுக்குக் கெட்டியாயிருச்சு.

இப்ப ஒண்ணு சொல்லிர்றேன். நான் ரேஷன் அரிசி வாங்குறவதான். என் கண்ணுல புரை எடுத்தது பெரியாஸ்பத்திரியிலதான். நல்லா எடுத்து விட்டாங்க, மகராசனா இருக்கட்டும். ரோடு போட வேண்டியவன் ரோடு போடட்டும், கரண்டு விட வேண்டியவன் கரண்டு விடட்டும். அதைக் கேட்டு வாங்கு, சண்டை போட்டு வாங்கு. நான் குறுக்க நிக்கல. ஆனா உன் வாசல்ல கெடக்குற சாணியை அள்ள மந்திரி வரணும்னு உக்காந்திருக்கியே, அதுக்கு என்ன பேரு? கவர்மெண்டு கையைக் குடுத்துச்சு, நம்ம ஆளுக ரெண்டு கையையும் வெட்டி அவன்கிட்டயே குடுத்துட்டாங்க.

கொழுந்தனார் ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு. தலைவர் அவரு. ரப்பர் ஸ்டாம்பு அடிச்சாரு. தெருவுல வெட்டியா இருந்த பத்துப் பேருக்கு ஆளுக்கொரு பதவி. என் மகன் துணைச் செயலாளர். என் பேரன் செல்லுல மனு அனுப்புற மந்திரி. மனு மேல மனு. திங்கக்கிழமையானா வெள்ளை வேட்டி கட்டி, பஸ்ஸேறி மதுரைக்குப் போய்க் குடுத்துட்டு, வர்ற வழியில புரோட்டாத் தின்னுட்டு வருவாங்க. போன வேலை முடிஞ்சிருச்சின்னு மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி.

போன ஆவணியில செல்லுக்குச் சேதி வந்துச்சு. நேர்ல வந்து ஆய்வு செய்யப்படும்னு. கொழுந்தனார் தெருவுக்கே மிட்டாய் குடுத்தாரு.

அந்த வருசம் எங்களுக்குப் புதுக்கொடி. பழசு ஓஞ்சு போச்சுன்னு எடுத்துட்டு, சித்திரையில நட்டது. அகத்தியில முழங்கை உயரத்துக்கு மேல ஏறி, மினுமினுன்னு நின்னுச்சு. மகன் அதுலதான் அம்புட்டு நம்பிக்கையும் வச்சிருந்தான். ஒரு நாள் நார் கட்டிக்கிட்டே சொன்னான்: "அம்மா, இந்தக் கொடியும் போச்சுன்னா நான் திருப்பூருக்குப் போயிருவேன். தம்பி கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்." சும்மா பேச்சுக்குச் சொல்லல. கண்ணைப் பாக்காமச் சொன்னான். ஏழு பேர்ல மிச்சம் இருந்தது அவன். கொடி போனா அவனும் போவான்னு அன்னைக்கு எனக்குப் பட்டுச்சு.

புரட்டாசி பொறந்ததும் அரிவாளை எடுத்துக்கிட்டு நான் பாலத்துக்குப் போனேன். கரையில குத்தவச்சு, எட்டுனமட்டும் ஆகாயத்தாமரையை அறுத்து மேல இழுத்துப் போட்டேன். ஒரு குவியல் சேந்திருக்கும். கொழுந்தனார் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தாரு, வீட்டுல தீப்பிடிச்ச மாதிரி.

"மதினி, மதினி! என்ன காரியம் பண்றீங்க?"

"பாத்தாத் தெரியல?"

"அதிகாரி வந்து பாக்கும்போது அடைப்பு இருக்கணும் மதினி! சுத்தமா இருந்துச்சுன்னா, பணி தேவையில்லைன்னு எழுதிட்டுப் போயிருவான். நாலு வருச மனு வீணாப் போயிரும்."

"அப்ப குப்பை இருந்தாத்தான் குப்பை அள்ளுவான்?"

"கேலி பண்ணாதீங்க. இது ஆவணம். எவிடென்ஸ்."

சொல்லிட்டு, நான் இழுத்துப் போட்ட குவியலைக் காலால எத்தி எத்தித் திரும்பத் தண்ணியிலயே தள்ளினாரு. தள்ளிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தாரு, கோலம் சரியா வந்திருக்கான்னு பாக்குற மாதிரி. ஒரு இடத்துல தண்ணி தெரிஞ்சுச்சு. அந்த இடத்துக்கு ஒரு கொத்தை இழுத்து விட்டாரு.

அதோட நிக்கல. சங்கம் கூடுச்சு. யாரும் அதுல கை வைக்காம இருக்க முறை போட்டுக் காவல் காக்குறதுன்னு முடிவு பண்ணுனாங்க. காவலுக்கு முதல் எதிரி நான்தான். பாலத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு, ஆள் மாத்தி ஆள் உக்காந்தாங்க. தூர் வார வீட்டுக்கு ஒரு ஆள் கெடைக்கல. ஆகாயத்தாமரையைக் காவல் காக்க வீட்டுக்கு ஒரு ஆள் கெடைச்சுச்சு! ஒருத்தர் உரத்துக்கு ஆகும்னு ஒரு கட்டு அள்ளிட்டுப் போனதுக்கு அவரு வீட்டு வாசல்ல போய்ச் சத்தம் போட்டாங்க. என் மகனும் முறைக்குப் போய் உக்காந்தான். அவனுக்குத் தூக்குச்சட்டியில சோறு கொண்டுபோனது நான்.

"ஏண்டா, உன் கொடியைக் கொல்லப்போற பிசாசுக்கு நீயே காவலா?"ன்னேன்.

"ஊரோட ஒத்துப் போகணும்மா. நாளைக்கு மிசின் வந்தா அஞ்சு வருசத்துக்குக் கவலை இல்லை. நீங்க அரிவாளால எம்புட்டுத்தான் அறுப்பீங்க?"

"ஒரு ஆள் அறுத்தா முடியாதுதான். பத்துப் பேரு நாற்காலியில உக்காந்திருக்கீங்களே."

சோத்தைப் பெசஞ்சுக்கிட்டு இருந்தான்.

ஐப்பசி பொறந்து தூறல் போட ஆரம்பிச்ச பெறகு ஜீப்பு வந்துச்சு. மூணு பேரு எறங்கினாங்க. கொழுந்தனார் சால்வையோட நின்னாரு. அதிகாரி சின்னப் பையன்தான், என் பேரனை விட அஞ்சாறு வயசு கூட இருக்கும். கொடிக்காலுக்குள்ள வந்து பாருங்கன்னு கூப்பிட்டோம். செருப்பைக் கழட்டணும்னதும் பூட்ஸைக் குனிஞ்சு பாத்தாரு. "இங்கிருந்தே தெரியுது"ன்னாரு. ரோட்டுல நின்னபடியே போட்டோ எடுத்தாங்க. ஆகாயத்தாமரையைக் காட்டி, "அடைப்பு நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. கொழுந்தனாருக்குப் பூரிப்பு தாங்கல. பிள்ளை நல்லா வளந்திருக்குன்னு வாத்தியார் சொன்ன மாதிரி.

பெறகு அவரு ஒரு தாளை விரிச்சுப் பாத்துட்டுத் தலையை ஆட்டினாரு. "பாலத்துக்கு இந்தப் பக்கம் உள்ளது எங்களது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வேற ஆபீஸ். பாலம் இன்னொரு ஆபீஸ். அடைப்பு பாலத்துக்கு அடியில இருக்கு. அவங்களுக்கும் ஒரு மனு குடுத்துருங்க."

நான் கேட்டேன், "ஏன் தம்பி, இந்த ஆகாயத்தாமரை எந்த ஆபீஸ்?"

கூட வந்த ஆளு சிரிச்சிட்டான். அதிகாரி சிரிக்கல. "பாட்டி, நான் என்ன செய்ய? என் எல்லைக்குள்ள நான் எழுதலாம்"னாரு. அந்தப் பையன் மேல எனக்குக் கோவம் இல்லை. அவனுக்குன்னு ஒரு கோடு போட்டுக் குடுத்திருக்காங்க, அதுக்குள்ள நிக்கிறான். நம்ம ஆளுகளுக்கு எவன் கோடு போட்டான்?

ஜீப்பு போன பெறகாவது அறுத்தாங்களா? இல்லை. இன்னும் ரெண்டு ஆபீஸ்காரன் வந்து பாக்கணுமே! காவல் தொடர்ந்துச்சு. இப்ப குடை பிடிச்சுக்கிட்டு.

அப்புறம் மழை புடிச்சுச்சு. சும்மா மழை இல்லை, வானத்தை எவனோ கவுத்து விட்ட மாதிரி. ராத்திரி பூராப் பேஞ்சு, விடிஞ்சு போய்ப் பாத்தா, பாத்திக்கு நடுவுல ஓடுற வாய்க்கால்ல தண்ணி ஓடல. நிக்கிது. நின்ன தண்ணி மெல்ல மேல ஏறுது. இளங்கொடி தூர்ல தண்ணி தொட்டுருச்சு. பேரன் செல்லை எடுத்து எந்த நம்பருக்கோ போட்டான். பாட்டுப் பாடுச்சு. பெறகு ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னுச்சு. அமுக்கினான். "அப்பத்தா, புகார் பதிவாயிருச்சு, நம்பர் குடுத்திருக்காங்க!" அப்படின்னு சந்தோசமாச் சொன்னான்.

"அந்த நம்பரைத் தூர்ல கட்டுடா, தண்ணி வடியுதான்னு பாப்போம்"னேன்.

கொழுந்தனார் குடையோட வந்து, "நாளைக்குக் காலையில மிசின் வந்துரும், பேசிட்டேன்"னாரு. நாளைக்கு. வெத்தலைக்கு நாளைக்குன்னா தெரியுமா?

நான் சேலையை ஏத்திச் சொருகிக்கிட்டு வடிகாலுக்குள்ள எறங்கிட்டேன். இடுப்பளவு தண்ணி. கால்ல என்னென்னமோ சிக்குச்சு, சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்க. மகன் கரையில நின்னு, "அம்மா, மேல வாங்க! ஊரு சிரிக்கும்!"னு கத்துறான். "சிரிக்கட்டும்டா, அதுக்காவது வெளிய வரட்டும்"னு அறுத்தேன். அடுத்தாப்ல தண்ணியில சளார்னு சத்தம். திரும்பிப் பாத்தா என் மருமக. இருபத்தஞ்சு வருசத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரு காரியத்துல ஒத்துப் போனது அன்னைக்குத்தான். "நீங்க இங்கிட்டு அறுங்க அத்தை, நான் அங்கிட்டு இழுக்குறேன்" அப்படின்னா. அவளைப் பாத்துட்டு எதுத்த வீட்டுக்காரி எறங்கினா. பெறகுதான் என் மகன், தலையில அடிச்சுக்கிட்டே எறங்கினான். அவனைப் பாத்து இன்னும் நாலஞ்சு பேரு.

கொழுந்தனார் மட்டும் எறங்கல. கரையில நின்னு செல்லைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "மதினி, ஒரு நிமிசம் அப்படியே நில்லுங்க, இந்தப் பக்கம் பாருங்க. மனுவுல சேக்கணும்"னாரு.

கையில இருந்த கொத்தை அவரு மேலயே விசிறி விட்டேன். வேட்டி சட்டை பூரா வேர். அதையும் போட்டோ எடுத்து மனுவுல சேக்கச் சொன்னேன்.

மத்தியானத்துக்கு மேல பாலத்துக்கு அடியில ஒரு ஓட்டை விழுந்துச்சு. தண்ணி உறுமிக்கிட்டுப் போச்சு. நாலு வருச மனு செய்யாத வேலையை அரைப் பகல்ல செஞ்சு முடிச்சோம். அதுக்காக நான் மார் தட்டல. அந்த அரைப் பகலை ஒரு மாசம் முந்திக் குடுத்திருந்தா இம்புட்டுப் பாடே இல்லையேன்னுதான் வயிறு எரியிது.

ஏன்னா தண்ணி வடிஞ்சிருச்சே தவிர, கெடுதி நின்னுருச்சு. ஒரு வாரத்துல என் கொடிக்கால்ல தாழ்வா இருந்த பாதி பழுக்க ஆரம்பிச்சுச்சு. இலை மஞ்சளாகித் தொங்குச்சு. தூரைத் தொட்டா கருப்பா, வழவழன்னு, நாத்தம். எனக்குத் தெரியும், மத்தவங்களுக்கும் தெரியும், பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்: அழுகுன கொடியை உடனே புடுங்கி வெளிய கொண்டு போயிரணும். வச்சிருந்தா நல்ல கொடிக்கும் தொத்தும். இதுல ரெண்டு பேச்சு இல்லை.

நான் புடுங்கப் போனேன். மகன் கையைப் பிடிச்சான்.

"அம்மா, வேணாம். நஷ்டஈடு அறிவிச்சிருக்காங்க. ஆள் வந்து கணக்கெடுக்கும். அழுகுன கொடி கண்ணுக்குத் தெரியணும்."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நெசமாவே உக்காந்து சிரிச்சேன். அதே பாட்டு! வடிகால்ல குப்பையைக் காத்தான். இப்ப கொடிக்கால்ல பொணத்தைக் காக்கப்போறான்.

"எப்படா வருவான்?"

"வருவாங்கம்மா. சித்தப்பா பேசியிருக்காரு."

பேரன் நடுவுல பூந்து, "அப்பா, நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன், போதாதா?"ன்னான். அவன் போன் போட்டுக் கேட்டான். நேர்ல பாத்தாத்தான் எழுதுவாங்களாம்.

ஒரு நாள் பொறுத்தேன். ரெண்டு நாள் பொறுத்தேன். மேட்டுப் பக்கத்துல நல்லா இருந்த வரிசையில ஒரு கொடி இலை பழுத்துச்சு. அதைப் பாத்துட்டு வந்து நான் சோறு திங்கல. மறுநாள் மகன் சங்கத்தோட மதுரைக்குப் போயிருந்தான், அடுத்த ஆபீசுக்கு மனுக் குடுக்க. மருமககிட்டச் சொன்னேன். அவ மம்பட்டியை எடுத்துட்டு முன்னாடி நடந்தா. பொழுதுக்கும் புடுங்கினோம். அழுகுனது, அழுகப் பாக்குறது, சந்தேகமா நின்னது, ஒண்ணையும் விடல. தூரத்துல குழி வெட்டிப் போட்டு, மேல சுண்ணாம்பைக் கொட்டி மூடினோம். வெத்தலைக்கும் சுண்ணாம்புக்கும் கடைசியில இப்படி ஒரு சேர்க்கை. நட்ட கையாலயே புடுங்குறது லேசு இல்லை. மருமக அழுதா. நான் அழல, எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

மகன் வந்து பாத்தான். பாதிக் கொடிக்கால் மொட்டையா நிக்கிது. "காரியத்தைக் கெடுத்துட்டீங்களே"ன்னான். அவ்வளவுதான். அன்னையில இருந்து என்னோட பேச்சில்லை. எதுன்னாலும், "டேய், உங்க அப்பத்தாகிட்டச் சொல்லு" அப்படின்னு பேரன் மூலமா.

கணக்கெடுக்க ஆள் வரத்தான் செஞ்சாங்க, கார்த்திகையும் முடியப்போற நேரம். என் கொழுந்தனார் கொடிக்கால் பூராவும் கருகி நின்னுச்சு, ஒரு கொடி மிச்சமில்லை. அவருது மேட்டுல இருந்தது, தண்ணியால சாகல. ஓரத்துல அழுகுன நாலு கொடியைப் புடுங்காமக் காத்து வச்சு, மத்ததுக்கும் தொத்த விட்டதுல செத்துச்சு. ஆனா எழுதிக்கிட்டாங்க. எங்களுதைப் பாத்துட்டு, "இருக்குற கொடி நல்லாத்தானே இருக்கு? சேதம் இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. மகன் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னான். அவன் கோவத்துல ஞாயம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். கொழுந்தனாருக்கு வரப்போறது எங்களுக்கு வராது. எப்ப வரும்னு கேட்டா, பரிசீலனையில இருக்காம். அவரு இப்பத் தெனமும் செல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. மொட்டை நெலத்துல ஒரு அகத்தி விதைகூட ஊனல. ஊனுனா, நெலம் நல்லாயிருக்கேன்னு கேட்டிருவாங்களாம்.

மிசினும் வந்துச்சு, தையில. தண்ணி நல்லா ஓடிக்கிட்டு இருந்த வடிகால்ல ரெண்டு அள்ளு அள்ளிக் கரையில போட்டுட்டு, பணி நிறைவேற்றப்பட்டதுன்னு ஒரு போர்டு நட்டாங்க. திறப்பு விழா. எல்லாருக்கும் பிரியாணிப் பொட்டலம். நான் வீட்டுல இருந்து ஒரு வாழை இலையைக் கொண்டு போய், தண்ணி தெளிச்சு, அந்தப் போர்டுக்கு முன்னாடி விரிச்சு வச்சிட்டு வந்தேன். வெறும் இலை. வந்த பெரிய மனுசங்களுக்கு அது என்னன்னு தெரியல, சாமிக்குப் படையல்னு நெனைச்சு ஒருத்தர் கும்பிட்டாரு. எங்க ஆளுகளுக்குத் தெரிஞ்சுச்சு. ஒருத்தன் பொட்டலத்தை மூடிட்டான். கொழுந்தனார் வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு. கொஞ்ச நேரத்துல ஆடு வந்து இலையைத் தின்னுட்டுப் போச்சு.

மிச்சம் இருக்குற பாதிக் கொடி இப்பக் கொழுந்து விட்டிருக்கு. நேத்து மருமக முதல் வெத்தலை கிள்ளிக் கொண்டாந்து என் கையில குடுத்தா. கையகலம், முறுமுறுன்னு. மகனோட பையி வீட்டுக்குள்ள துணிக்கொடியில தொங்குது, துணி மடிச்சு வச்சபடி. திருப்பூர் பஸ்ஸுக்கு எப்ப வேணாலும் கெளம்பிருவான். ஆனா காலையில எந்திரிச்சதும் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுக் கொடிக்காலுக்குள்ளதான் போறான். நேத்தும் போனான், இன்னைக்கும் போனான். நான் கேக்கல. கேட்டா, "உங்க அப்பத்தாகிட்டச் சொல்லு"ன்னுதானே வரும்.

எழுதி முடிச்சாச்சு. டேய், இங்க வா. செல்லை அங்கிட்டு வையி. மனு எழுதுன கையால இந்த நோட்டைப் பிடி. முதல்ல இருந்து வாசி. ஒரு வார்த்தையத் திருத்தக் கூடாது, மாத்தக் கூடாது. மெதுவா இல்லைடா, சத்தமா வாசி. உங்கப்பன் உள்ள சோறு தின்னுக்கிட்டு இருக்கான்.